ஓட்டுநர் உறங்கினாரா?

தோழனே!

கூட்டம் முடிந்தது, கைதட்டல் ஓய்ந்தது. கழுத்தில் விழுந்த துண்டுகளை எண்ணிக் கட்ட ஒரு தோழன், மேசைமீது கிடந்த மாலைகளை அள்ளி வைக்க ஒரு தோழன், "அண்ணே, ஒரே ஒரு படம்" என்று கைப்பேசியை நீட்டியபடி நெருங்கி நிற்க நாற்பது தோழர்கள்! மணி பத்து. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியை வாய் திறக்க விடுவதில்லை. ஆதலால் நம் பேச்சாளர்கள் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் "இறுதியாக ஒன்று" என்று தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அப்படித்தான் முடித்தேன். செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் அது. கூட்டமோ பேரூர்க் கூட்டம்.

மேடையிறங்கியதும் ஒன்றியச் செயலாளர் வீட்டில் விருந்து. உண்டு முடித்து, வெற்றிலை மடித்து, அடுத்த தேர்தலில் எந்த வார்டு யாருக்கு என்ற அரும்பெரும் ஆராய்ச்சியையும் ஓரளவு முடித்து, வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே கால். காலை ஒன்பது மணிக்குத் திருச்சியைத் தாண்டி ஒரு தோழர் இல்லத் திருமணம். வாழ்த்துரை என் பெயரில் அச்சேறிவிட்டது.

"புறப்படலாமா, அண்ணே?" என்றேன் ஓட்டுநரிடம்.

பந்தலோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியொன்றில் கொசு விரட்டிக்கொண்டிருந்தவர் எழுந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். "வாங்க தம்பி" என்று கதவைத் திறந்தார். உண்டாரா என்று கேட்டேன். கடைசிப் பந்தியில் உண்டேன் என்றார். உறங்கினாரா என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. உழைப்பவன் உரிமை பற்றி ஒன்றேகால் மணி நேரம் முழங்கிவிட்டு இறங்கியவனுக்குத் தோன்றவில்லை, தோழனே!

உளுந்தூர்பேட்டையைக் கடந்தது எனக்குத் தெரியாது. பின்னிருக்கையில் நான் உறக்கம். முன்னிருக்கையில், ஓட்டுநருக்குப் பேச்சுத் துணையாக உட்காரவைத்த நாடகக் குழுத் தம்பி, என்னைவிட ஆழ்ந்த உறக்கம்! சக்கரம் தேய்ந்து கதறிய ஓசையில் விழித்தேன். வண்டி நின்றிருந்தது. எதிரே, கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஒரு கரும்புக் காடு! கரும்பேற்றிய டிராக்டர் ஒன்று, சக்கரம் பழுதாகிச் சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. பின்விளக்கு இல்லை. ஒளிபட்டால் மின்னும் ஒட்டுப்பட்டை இல்லை. "இங்கே வண்டி நிற்கிறது" என்று உலகுக்கு அறிவிக்க, நாலு கல்லும் ஒடித்துப் போட்ட ஒரு வேப்பங்கிளையும் மட்டும் கிடந்தன. எங்கள் வண்டியின் முகப்புக்கும் கரும்பின் நுனிக்கும் இடைவெளி ஒரு முழம்.

ஓட்டுநரின் கைகள் நடுங்கின. நான் அதட்டவில்லை; அதட்டும் அளவுக்கு எனக்குக் குரல் வரவில்லை. அவராகவே சொன்னார்:

"தம்பி, சத்தியமா நான் கண்ணை மூடலை. ரோடுதான் காணாமப் போச்சு."

சாலை காணாமல் போயிற்று! நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு வசனம் இதுவரை என் பேனாவில் விழுந்ததில்லை. வசனம் அன்று அது, வாக்குமூலம். அவர் பொய் சொல்லவில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உறக்கம் முற்றிய மூளை, உரியவனிடம் அனுமதி கேளாமல் இரண்டு மூன்று விநாடி கடையை மூடிவிட்டுத் திறக்குமாம். கண் திறந்தேயிருக்கக்கூடும், காட்சி மட்டும் உள்ளே போகாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போகிறது. மூன்று விநாடி என்றால் 66 மீட்டர். நம் பொதுக்கூட்டத்தில் மேடையிலிருந்து கடைசி வரிசை வரை உள்ள தூரம் என்று வைத்துக்கொள். அத்தனை தூரத்தையும் ஓட்டுவார் இல்லாமலே அந்த வண்டி ஓடியிருக்கிறது — உள்ளே நாங்கள் மூவர் இருந்தும்!

அருகிலிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் கேட்டேன், பன்னிரண்டே காலுக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை. அவர் விழித்தது காலை ஐந்து மணிக்கு. விடியலில் ஒரு குடும்பத்தைச் சென்னையில் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்று திரும்பியிருக்கிறார். நண்பகலுக்குமேல் என்னை ஏற்றிக்கொண்டார். விரலை மடக்கிக் கணக்கிட்டேன். காலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை 17 மணி நேரம். அதாவது, நான் மேடையில் "இறுதியாக ஒன்று" சொல்லி முடித்த அந்த நேரத்தில், பந்தலோரத்தில் அவர் 17 மணி நேர விழிப்பை முடித்திருக்கிறார். கரும்பு வண்டியின் பின்னால் நாங்கள் நின்றது இரண்டரை மணிக்கு; 21 மணி நேரத்துக்கும் மேல்!

இந்த 17 என்ற எண்ணை மறந்துவிடாதே, தோழனே. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி, 1997இல் 'நேச்சர்' என்ற அறிவியல் ஏட்டில் முடிவை வெளியிட்டார்கள். சிலரைத் தொடர்ந்து விழித்திருக்கச் செய்தார்கள். அளவறிந்து மது கொடுத்தும் பார்த்தார்கள். இரு நிலையிலும் கையும் கண்ணும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்தவன், 100 மில்லிலிட்டர் குருதியில் 50 மில்லிகிராம் சாராயம் ஓடுபவனைப் போலாகிறான் என்று கண்டார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் குடித்து ஓட்டுபவனுக்கு வைத்திருக்கும் எல்லைக்கோடு எவ்வளவு தெரியுமா? 30 மில்லிகிராம்!

என் ஓட்டுநர் மதுவின் வாடையும் அறியாதவர். வழியில் காவலர் மறித்துக் கருவியை நீட்டி ஊதச் சொல்லியிருந்தால், கம்பீரமாக ஊதிவிட்டு, "போகலாம்" என்ற அனுமதியும் பெற்றிருப்பார். குடியை அளக்கக் கருவி உண்டு. கொட்டாவியை அளக்கக் கருவி ஏது? குடித்தவன் குற்றவாளி, சரி. குடிக்காதவரைக் குடித்தவர் நிலைக்குத் தள்ளி, சாவியைக் கையில் கொடுத்து, "கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே, காலையில கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் பின்னிருக்கையில் சாய்ந்தவன் யார்? அவனுக்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு?

* * *

நம் பாட்டனார் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. சந்தையிலே சரக்கை விற்றுவிட்டு, நள்ளிரவில் வண்டி கட்டுவார். அரிக்கன் விளக்கை வண்டிக்கடியில் தொங்கவிட்டு, துண்டை விரித்துப் படுத்துவிடுவார். மாடு வழியறிந்தது, வளைவறிந்தது, வாய்க்கால் பாலம் எங்கே ஒடுங்கும் என்பதும் அறிந்தது. வண்டிக்காரர் உறங்கினாலும் மாடு உறங்காது. விடியலில் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். இன்று நாம் ஏறியிருக்கும் வண்டிக்கு நூறு குதிரைகளின் ஆற்றல் உண்டு என்கிறார்கள். நூறு குதிரை இருந்தென்ன? வழியறிந்த ஒரு மாடு இல்லையே!

மாட்டின் அறிவு போயிற்று; மனிதன் அறிவாவது வந்ததா? புதுவண்டி வாங்கியதும் என்ன செய்கிறோம்? நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம். ஏற்றி நசுக்கினால் எமன் அண்டமாட்டானாம்! முன்கண்ணாடியின் நடுவே பார்வையை மறைத்து ஒரு தொங்கல். பின்கண்ணாடி முழுதும் தலைவர் படம் — இதிலே நம் தோழர்களும் எவருக்கும் இளைத்தவரல்லர். எல்லாம் சரி, பின்விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் பார்த்தவர் எத்தனை பேர்? எலுமிச்சைக்குச் செலவான காசில் ஒரு பல்பு வந்திருக்கும். பழம் ஒளி வீசாது, தோழனே. பிழிந்தால் சாறு வரும், அவ்வளவுதான்.

விபத்து நடந்த பிறகோ, "விதி", "வேளை", "தலையெழுத்து" என்று கைகாட்ட ஆயிரம் பேர். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் நடந்த விபத்துகள் 64,105 என்றும், மாண்டவர் 17,884 பேர் என்றும் ஒன்றிய அரசின் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. விபத்தின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே நமக்குத்தான் முதலிடம். எதிலெதிலோ முதலிடம் கேட்டுப் போராடியவர்கள் நாம். கேளாமலே கிடைத்த முதலிடம் இது! நாளொன்றுக்கு 49 பேர். இத்தனை தலைகளையும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எழுதினானா அந்த எழுத்தன்?

எல்லாச் சாவும் இரவுச் சாவன்று; மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. நாட்டின் கணக்கைப் பார்த்தால், மாலை ஆறு முதல் இரவு ஒன்பதுவரையுள்ள மூன்று மணி நேரந்தான் விபத்து மிகுந்த வேளை. அந்தி மயங்கும், விளக்குகள் பாதி எரியும், பாதி எரியாது, வேலை முடித்தவன் வீட்டுக்கு விரைவான், நம் தோழனோ கொடி கட்டிய இருசக்கர வண்டியில் மூவராக ஏறிக் கூட்டத்துக்கு விரைவான்! நள்ளிரவுக்கு மேல் வண்டிகள் குறைவு. ஆனால் மோதினால் மோதியதுதான். இரண்டு மணி முதல் ஐந்து மணிவரை மனித உடல் தானாகவே தாழும் வேளை. உள்ளேயிருக்கும் கடிகாரம் "படு, படு" என்று அடிக்கும். இசையை உரக்க வைப்பதும், சன்னலைத் திறந்து காற்று வாங்குவதும் அந்தக் கடிகாரத்தை ஏமாற்றுவதில்லை. முகம் கழுவினால் சில நிமிடம் தெளிவு, அவ்வளவே. காப்பி குடித்தால் அது வேலை செய்ய அரைமணி ஆகும். அந்த அரைமணிக்குள் வண்டி முப்பது நாற்பது கிலோமீட்டர் போய்விடும். காப்பியைக் குடித்துவிட்டு, வண்டியை ஒதுக்கி, இருபது நிமிடம் கண்ணயர்வதே அறிவுடையார் செய்வது. உறக்கத்துக்கு மாற்று உறக்கந்தான்.

* * *

இருட்டும் சாலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாடே சோதித்துப் பார்த்த கதை உண்டு.

1939 செப்டம்பர் முதல் நாள். ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. வான்வழியே வரும் பகைவனுக்கு ஊர் தெரியக்கூடாது என்று பிரிட்டன் தன் விளக்குகளையெல்லாம் அணைத்தது. தெருவிளக்கு இல்லை, சன்னல்களுக்குக் கறுப்புத் திரை, மோட்டார் வண்டியின் முகப்பு விளக்குக்கும் மூடி! பகைவனின் குண்டு வரக் காத்திருந்தார்கள். குண்டு வருவதற்கு முன்பே சாவு வந்துவிட்டது — சாலை வழியாக! முதல் சில மாதங்களில் பகைவன் கொன்றதைவிட இருட்டு கொன்ற பிரிட்டிஷ் குடிமக்கள் அதிகம். அரச குடும்பத்துக்கு அறுவை மருத்துவராயிருந்த வில்ஃபிரட் டிராட்டர், விமானத்தை மேலே கிளப்பாமலே பகைவன் மாதம் 600 பேரைக் கொல்கிறான் என்று மருத்துவ ஏட்டில் மனம் நொந்து எழுதினார். 1941இல் பிரிட்டனின் சாலைகளில் மாண்டவர் 9,169 பேர். அந்நாட்டு வரலாற்றில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அப்படியொரு ஆண்டு.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கேள். நடைபாதையின் விளிம்புக்கு வெள்ளை அடித்தார்கள். மரத்தின் அடிக்கு வெள்ளை. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைக் கோடு. 1940இல் ஊர்ப்புறங்களில் இரவு வேகத்தை 20 மைலுக்கு, அதாவது நமக்கு 32 கிலோமீட்டருக்கு, இறக்கினார்கள். நடப்பவர் வெள்ளைத் துணியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஆடவர் சட்டை நுனியை வெளியே விட்டுக்கொண்டு நடந்தாலும் நல்லதே என்றும் சொன்னார்கள். சூட்டும் கோட்டுமாக வாழ்ந்த துரைமார் நாடு அது! உயிர் என்று வந்தபோது உடைப் பெருமை ஓரம் போயிற்று. எசெக்ஸ் பக்கத்து உழவரோ, தெருவில் திரியும் தம் பசுக்களுக்கே வெள்ளைக் கோடு தீட்டிவிட்டார்கள். யார்க்‌ஷையரில் பெர்சி ஷா என்ற சாலைப் பணிக்காரர் 1934இல் ஒரு பொருளைக் கண்டுபிடித்திருந்தார்: பூனைக் கண் போல, வண்டியின் விளக்கொளி பட்டதும் சாலை நடுவிலிருந்து மின்னும் கண்ணாடிக் குமிழ். அமைதிக் காலத்தில் அதை அவ்வளவாக எவரும் மதிக்கவில்லை. இருட்டுக் காலத்தில் நாடே அவரைத் தேடிற்று. இன்று நம் நெடுஞ்சாலையில் மின்னும் குமிழ்களுக்கு முன்னோடி அந்தக் கண்தான்.

வெள்ளைக் கோடு போட்ட பசுவை நினைத்தால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் அந்தக் கரும்பு வண்டியைப் பார்த்த பிறகு வருவதில்லை. ஒரு முழம் ஒட்டுப்பட்டை போதும். நூறு மீட்டருக்கு முன்பே "நிற்கிறேன்" என்று அது கூவியிருக்கும்.

ஏன் நூறு மீட்டர்? கணக்கு எளிது. தாழ்த்திய முகப்பு விளக்கு, மங்கலான பொருளொன்றைத் தெளிவாகக் காட்டுவது நாற்பது ஐம்பது மீட்டருக்குள். 80 கிலோமீட்டர் வேக வண்டி, விழிப்புள்ள ஓட்டுநர் மிதித்தாலும், நிற்க 50 மீட்டருக்கு மேல் வேண்டும். கண்டபின் மிதித்தால் மோதிய பின் நிற்கும்! ஆதலால் இரவில் வேகத்தை முடிவு செய்ய வேண்டியது சாலையோரப் பலகையன்று. விளக்கொளி எட்டும் தூரந்தான். சரி, விளக்கை உயர்த்திக்கொண்டே போவேன் என்பாயானால், எதிரே வருபவன் குருடனாகிறான். குருடன் எங்கே வந்து மோதுவான்? உன்மீதுதான்!

எங்கள் மேடையில் இதை நாள்தோறும் காண்கிறேன். காட்சி முடிந்து விளக்குகள் அணைந்ததும், ஒளியில் நின்ற நடிகன் இருளில் தடுமாறுவான். பக்கத்திரை எது, படிக்கட்டு எது என்று தெரியாது. கண்ணுக்கு இருட்டு முழுவதும் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒளி வெள்ளம் பட்டு மீளச் சில விநாடிகளாவது வேண்டும். பழகிய நடிகன் விளக்கணையுமுன் ஒரு கண்ணை மூடிக்கொள்வான். இருளில் அந்தக் கண் அவனுக்கு வழிகாட்டும். வண்டியோட்டுபவன் கண்ணை மூட முடியாது. எதிர்விளக்கு உறுத்தினால் அதை உற்றுப் பாராமல், சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பற்றிக்கொண்டு, வேகத்தைத் தளர்த்திப் போக வேண்டும். அவன் விளக்கைத் தாழ்த்தவில்லை என்பதற்காக இவனும் உயர்த்துவது வீரமன்று. இரண்டு குருடர் ஒரே பாலத்தில் எதிரெதிரே ஓடுவது அது. நம் தோழர்கள் சிலர், தலைவரின் வண்டியைப் பின்தொடர்வதற்கென்றே முகப்பில் நாலைந்து வெள்ளை விளக்குகளைக் கூடுதலாகப் பொருத்தியிருக்கிறார்கள். எதிரே வரும் ஏழைத் தொழிலாளியின் மிதிவண்டிக்கு அவை என்ன செய்கின்றன என்று ஒருநாள் எதிர்ப்புறம் நின்று பார்க்கட்டும்.

* * *

இனி, நம் வீட்டுக் குறையைச் சொல்கிறேன், வருந்தாதே.

மே நாள் கொண்டாடுகிறோம். 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காகச் சிந்திய குருதியைச் சொல்லிச் சிலிர்க்கிறோம். இந்திய மண்ணில் முதன்முதலாக 1923இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொடியேற்றிய சிங்காரவேலரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பேசி முடித்து இறங்குகிறோம். கீழே, பதினெட்டாவது மணி நேரமாக வண்டியோடு காத்திருக்கிறார் ஒரு தொழிலாளி!

1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்று எழுதிற்று. நல்ல சட்டம். ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனத்துக்கே அது பொருந்தும் என்றார்கள். பிறகு 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அதையும் கரைத்தார்கள். ஒற்றை வண்டி வைத்து ஒற்றை ஆளாக ஓட்டுபவரும், நாள் வாடகைக்கு அழைக்கும் 'ஆக்டிங் டிரைவரும்' அந்தக் குடைக்கு வெளியே நனைந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வண்டியோட்டி நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்ந்தே ஆகவேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரந்தான் ஓட்டுவது வழக்கமான வரம்பு. வண்டிக்குள்ளேயே ஒரு கருவி உட்கார்ந்து குறித்துக்கொண்டேயிருக்கும். அங்கே கருவி கணக்கெழுதுகிறது. இங்கே? கோயம்பேட்டுக்கு விடியுமுன் காய் வரவேண்டும், பால் வரவேண்டும், பூ வரவேண்டும். தாமதமானால் வாடகையில் பிடித்தம், தூங்கியதற்குப் பிடித்தம்!

அரசு செய்யட்டும், நெடுஞ்சாலையில் லாரி ஒதுங்க இடம் அமைக்கட்டும், பட்டை இல்லாத டிராக்டரை ஆலை வாசலிலேயே மறிக்கட்டும் என்று தீர்மானம் போடுவோம், போடத்தான் வேண்டும். ஆனால் நம் கையில் இருப்பதற்கு யாரிடம் தீர்மானம் போடுவது? கூட்டச் செலவுக் கணக்கை எடுத்துப் பார். மேடைக்கு இவ்வளவு, ஒலி ஒளிக்கு இவ்வளவு, பொன்னாடைக்கு இவ்வளவு, பட்டாசுக்கு இவ்வளவு. ஓட்டுநர் படுக்க ஒரு பாய், ஒரு மின்விசிறி, தொலைவு மிகுந்தால் இரண்டாவதாக ஓர் ஓட்டுநர் — எந்த ஊர்க் கணக்கில் கண்டாய்? ஒரு சரவெடி குறைந்தால் ஓர் உறக்கம் கிடைக்கும்.

சுவரெழுத்துத் தோழர்களையும் சொல்ல வேண்டும். ஊரடங்கிய பிறகு பசை வாளியும் சுவரொட்டிக் கட்டுமாக மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் போகிறார்களே, அவர்களை எந்த ஓட்டுநர் காண்பார்? கறுப்புச் சட்டை நமக்குப் பெருமை, மறுக்கவில்லை. பகலில் அணிந்து ஊர் முழுவதும் நட. இரவுச் சாலையில் இறங்கும்போது மட்டும் அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டைக் குறுக்கே போட்டுக்கொள். கொள்கை கறைபடாது!

"இயக்கப் பணியில் உறக்கம் பார்க்கலாமா? அந்நாளில் பெரியவர்கள் இரவெல்லாம் விழித்துப் பேசவில்லையா?" என்று நீ கேட்பாய். பேசினார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடியப் பேசினார்கள். பிறகு இரயிலேறினார்கள், மூன்றாம் வகுப்புப் பலகையில் துண்டை விரித்து உறங்கினார்கள். இரயில் இல்லாவிட்டால் திண்ணையில் படுத்தார்கள். விழித்தவர்கள் தங்கள் உறக்கத்தைத் தியாகம் செய்தார்கள். நாமோ இன்னொருவர் உறக்கத்தை எடுத்துக்கொண்டு நம் தியாகம் என்கிறோம்.

அன்றிரவு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே? தேநீர்க் கடை ஓரத்தில் வண்டியை ஒதுக்கிவிட்டு, ஓட்டுநரைப் பின்னிருக்கையில் படுக்க வைத்தேன். "கல்யாணம், தம்பி!" என்றார். "கல்யாணம் அவர்களுக்குத்தான் அண்ணே, நமக்கில்லை, படுங்கள்" என்றேன். ஆறரைக்கு எழுந்தார். ஊர் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால், இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்த்துரை இல்லாமலே மணம் நடந்துவிட்டது! மணமகளின் தந்தைக்குக் கொஞ்சம் முகச்சுளிப்பு. மணமக்கள் நலமாகவே இருக்கிறார்கள், விசாரித்தேன்.

சென்ற வாரம் வேறொரு ஊர். அழைக்க வந்த தோழர்களிடம் முன்னதாகவே சொல்லியிருந்தேன்: கூட்டம் தொடங்குமுன் ஓட்டுநருக்குப் படுக்கை, முடிந்த பின் இருவருக்கும் அதே ஊரில் தங்கல், விடிந்த பிறகே பயணம். தயங்கினார்கள், பிறகு படிப்பகத்து அறையில் கட்டிலொன்றும் பாயொன்றும் போட்டுவிட்டார்கள். "தம்பி கட்டில்ல படுங்க" என்றார் அவர். "நீங்கள் படுங்கள் அண்ணே, நாளைக்கு ஓட்டப் போகிறவர் நீங்கள்" என்று நான் பாயை விரித்தேன். ஐந்து நிமிடத்தில் உறங்கிவிட்டார். குறட்டையென்றால் அப்படியொரு குறட்டை! எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. விடியும்வரை கொசு விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.